இருக்குமிடம் அறிந்த பயணி

மனிதன் தன்னை முழுவதுமாகப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அமரும் பயணம் விமானப் பயணமே. பேருந்தில் செல்பவர் ஓட்டுநரின் முதுகையாவது காண்கிறார். வழி மாறினால் குரல் கொடுக்கிறார். மனம் ஒப்பவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறார். இரயிலில் செல்பவருக்கு நிலையங்களின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக வந்து சாட்சி சொல்கின்றன. விமானத்திலோ ஓட்டுபவர் பூட்டிய கதவுக்கு அப்பால் இருக்கிறார். சாளரத்துக்கு வெளியே மேகம். மேகம் விலகினால் பெயரறியாத நிலம், அல்லது எங்கும் ஒரே மாதிரியான கடல். இடையில் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இத்தகைய பயணிகளுள் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சிறியதொரு கருவியை எடுத்துச் சாளரத்தின் ஓரத்தில் வைக்கிறார். சற்று நேரத்தில் அது அவர் இருக்கும் இடத்தையும், செல்லும் திசையையும், வேகத்தையும், உயரத்தையும் எண்களால் காட்டிவிடுகிறது. நேற்றுவரை விமானி அறைக்கு உள்ளே மட்டும் இருந்த அறிவு, இன்று ஒரு சாதாரணப் பயணியின் உள்ளங்கையில் இருக்கிறது.

இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இருக்குமிடத்தை அறிந்தாலும் அதை மாற்றும் ஆற்றல் இல்லாதவருக்கு அந்த அறிவு எதற்கு? அறிய விரும்புவதே விமானியின்மீது கொள்ளும் ஐயம் ஆகாதா? கருவியை அணைத்துவிடுங்கள் என்று பணியாளர் சொன்னால், அது தீங்கற்றது என்று உறுதியாக நம்பும் பயணி கீழ்ப்படிய வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ தவறு நடக்கிறது என்று அறிய நேர்ந்தால் அவருடைய கடமை என்ன? விமானப் பயணிக்கு மட்டும் உரிய கேள்விகளாக இவை தோன்றினாலும், நம் அனைவரின் வாழ்விலும் இவை நுழைகின்றன.

கருவியின் கதை

ஜி.பி.எஸ். என்னும் இந்த அமைப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைகளுக்காக உருவாக்கியது. இதன் முதல் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்து நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறிப்பலை நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. குறைந்தது நான்கு கோள்களிலிருந்து வரும் அலைகளின் தாமதத்தை ஒப்பிட்டு, நம் கையிலுள்ள கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அது வானத்திடம் எதையும் கேட்பதில்லை. வானம் சொல்வதைக் கேட்க மட்டும் செய்கிறது. விமானத்தின் உலோக உடல் அலைகளை மறைத்துவிடுவதால், சாளரத்தின் அருகே வைத்தால்தான் அதற்குக் காது கேட்கும். இன்று இதற்கெனத் தனிக் கருவிகூடத் தேவையில்லை. 'விமான நிலை'யில் வைக்கப்பட்ட கைப்பேசிகள் பெரும்பாலானவை இந்த அலைகளைப் பெறவல்லவை. வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும்.

இந்த அறிவு பொதுமக்களின் கைக்கு வந்த வரலாற்றில் ஒரு துயரம் கலந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்றுகொண்டிருந்த கொரிய விமானம் 007, சோவியத் வான்பரப்புக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அந்த விமானம் ஆங்கரேஜை விட்டு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகத் தன் பாதையிலிருந்து சிறிது சிறிதாக விலகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் சென்றிருந்தது. தானியங்கிச் செலுத்துக் கருவி குறித்த பாதையைப் பின்பற்றாமல் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு சென்றதையும், விமானிகள் அதனைக் கவனியாததையும் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. அந்நிகழ்ச்சி நடந்து சுமார் இரண்டு வாரங்களில், அமெரிக்க அதிபர் ரீகன், ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் உலகின் சிவில் பயன்பாட்டுக்குத் தரப்படும் என அறிவித்தார். 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அறியாமலே இறந்துபோன பயணிகளின் நினைவு, இன்று நம் கையிலுள்ள இந்தச் சிறு கருவியோடு ஒட்டியிருக்கிறது.

அறிய விரும்புவது ஐயமா?

அறிய விரும்புவது ஐயம் ஆகாது என்பதே என் எண்ணம். தந்தையின் மடியில் அமர்ந்து செல்லும் குழந்தை "இது எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே வருகிறது. தந்தை வழி தவறிவிடுவார் என்ற அச்சத்தால் அது கேட்பதில்லை. கடந்து செல்லும் உலகம் தனக்கும் உரியது என்னும் உணர்வே அதைக் கேட்க வைக்கிறது. கருவியைச் சாளரத்தோரம் வைக்கும் பயணியும், கீழே வளைந்தோடும் ஆற்றின் பெயரை அறிந்துகொள்ளும் ஆசையில்தான் பெரும்பாலும் வைக்கிறார். அந்த அறிவு வியப்பையும் தருகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கருவி காட்டுகிறது. எதிரிலிருக்கும் கோப்பையில் தேநீர் அசையாமல் நிற்கிறது. உயரம் 11,000 மீட்டர் என்று செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. அதே கைப்பேசியிலுள்ள காற்றழுத்தமானியோ ஏறத்தாழ 2,000 மீட்டர் என்கிறது. இரண்டும் பொய்யில்லை. உடல் பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுரையீரல் உதகமண்டலத்தின் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. யாரோ சிலருடைய உழைப்பும் கவனமும் இடையில் நின்று நம்மைக் காக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது. நன்றாக அறிந்தவர் நன்றியும் உடையவராகிறார்.

ஆயினும் அரைகுறை அறிவுக்கு ஓர் ஆபத்து உண்டு. இலண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் செல்லும் விமானம் கிரீன்லாந்தை நோக்கி வடக்கே ஏறுவதைக் கருவியில் காண்பவர் திடுக்கிடலாம். தட்டையான வரைபடத்தில் அது சுற்று வழி. உருண்டையான பூமியிலோ அதுவே குறுக்கு வழி. இடிமேகத்தைத் தவிர்க்க விமானம் விலகிச் செல்லும். இறங்க முறை வராததால் நகரின்மேல் வட்டமிடும். இவை அனைத்தும் திரையில் பிழைகள்போலவே தோன்றும். இடத்தைக் காட்டும் கருவி அதற்கான காரணத்தைக் காட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தவரின் கையில் அறிவு அச்சமாக மாறுகிறது. அச்சம் பக்கத்து இருக்கைக்கும் பரவுகிறது.

சரியானவரும் கீழ்ப்படிய வேண்டுமா?

கருவியை அணைக்குமாறு பணியாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணி மின்னணுவியல் கற்றவர். "இது அலையைப் பெறுகிறதே தவிர அனுப்புவதில்லை. இதனால் என்ன தீங்கு?" என்பது அவர் வாதம். அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அலை பெறும் கருவியின் உள்ளேயும் அலைவுச் சுற்றுகள் உண்டு. அவை மிக மெல்லிய கதிர்வீச்சை வெளியிடவே செய்கின்றன. அது விமானத்தின் கருவிகளைத் தொடுமா, தொடாதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிகள் அந்த முடிவை விமான நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுள்ளன. அதனால்தான் ஒரு நிறுவனம் அனுமதித்ததை மற்றொன்று தடுத்து வந்தது.

நம் பயணி சரியாகவே இருக்கட்டும். அவர் சரி என்பதைப் பணியாளர் எப்படி அறிவார்? இருநூறு பேர் இருநூறு கருவிகளுடன் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் கல்வியையும் ஒவ்வொரு கருவியின் தன்மையையும் ஆராய்வது அவரால் ஆகாது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர், தம்மால் சோதித்தறிய முடியாததை அனுமதியாமல் இருப்பது நியாயமே. பலருடைய பாதுகாப்புக்கான ஒரு விதி, தவறானவர்களை மட்டுமன்றிச் சரியானவர்களையும் கட்டுப்படுத்துகிறது. அப்படிக் கட்டுப்படுத்தாவிட்டால் அது விதியாகவே இராது. ஏனெனில் தவறானவர் ஒவ்வொருவரும் தம்மைச் சரியானவர் என்றே எண்ணுகிறார்.

பணியாளர் திரும்பியதும் கருவியைக் கைக்குட்டைக்குள் மறைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. விமானத்துக்கு அதனால் எதுவும் நேராமல் போகலாம். ஆனால் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்போல நடித்தது அவருடைய மனச்சான்றில் தங்கிவிடுகிறது. விதிகள் மாறாதவை அல்ல. அமெரிக்காவின் விமானத் துறை 2013 அக்டோபரில், சோதனைகளுக்கும் நிபுணர் குழுவின் ஆய்வுக்கும் பிறகு, சிறு மின்னணுக் கருவிகளைப் பயணத்தின் எல்லாக் கட்டங்களிலும் பயன்படுத்த வழி திறந்தது. வெளிப்படையாகக் கேட்டவர்களும் சோதித்தவர்களும் அந்த மாற்றத்தைக் கொணர்ந்தார்கள். கைக்குட்டைக்குள் மறைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

அறிந்தும் பேசாமை

இனி எல்லாவற்றினும் கடினமான கேள்விக்கு வருவோம்.

1989 ஜனவரி 8ஆம் நாள் இரவு, இலண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நோக்கிப் பறந்த போயிங் 737 விமானத்தின் இடப்புற எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் எழுந்தது. விமானிகள் எந்த எஞ்சின் என்பதில் பிழைபட்டு, நன்றாக இருந்த வலப்புற எஞ்சினை நிறுத்திவிட்டனர். அதிர்வும் அப்போது தணிந்ததால், செய்தது சரி என்றே நம்பினர். விமானத் தலைவர் ஒலிபெருக்கியில் பயணிகளிடம், வலப்புற எஞ்சினில் கோளாறு என்றும் அதை நிறுத்திவிட்டதாகவும் அறிவித்தார். இடப்புற எஞ்சினிலிருந்து தீப்பொறிகள் பறந்ததைப் பயணிகள் பலர் தம் கண்ணாலேயே கண்டிருந்தனர். பின்பகுதியில் இருந்த பணியாளர் மூவரும் கண்டிருந்தனர். ஒருவரேனும் எழுந்து சென்று விமானியிடம் சொல்லவில்லை. இறங்க வேண்டிய ஓடுபாதைக்கு அருகே இடப்புற எஞ்சின் முற்றிலும் செயலிழந்தது. கெக்வொர்த் என்னும் ஊருக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர்.

அவர்களை நாம் குற்றம் சாட்டுவதற்கில்லை. அவர்கள் இடத்தில் நம்மில் எத்தனை பேர் எழுந்திருப்போம்? 'அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?' 'நான்தான் தவறாகக் கேட்டிருப்பேன்.' 'எல்லாரும் பேசாமல் இருக்கிறார்களே!' இந்த எண்ணங்கள் நமக்குப் புதியவை அல்ல. இவற்றை அடக்கம் என்றும் மரியாதை என்றும் அழைத்துப் பழகியிருக்கிறோம்.

அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், பிரேசிலில் மராபாவிலிருந்து பெலெம் நகருக்கு ஒரு விமானம் மாலையில் புறப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பயணம். பறப்புத் திட்டத் தாளில் 0270 என்று அச்சிட்டிருந்தது. அதன் பொருள் 27.0 பாகை. விமானத் தலைவர் அதை 270 என்று படித்தார். துணை விமானி தாளைப் பாராமல் தலைவரின் கருவியைப் பார்த்தே தம்முடையதையும் அமைத்தார். வடக்கு வடகிழக்காகச் செல்ல வேண்டிய விமானம் நேர் மேற்கே பறந்தது. எரிபொருள் தீரும்வரை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து, இரவில் அமேசான் காட்டில் வீழ்ந்தது. 54 பேரில் 12 பேர் இறந்தனர். சரியான திசையில் சென்றிருந்தால், மறையும் சூரியன் இடப்பக்கத்துச் சாளரங்களில் தெரிந்திருக்கும். அன்றோ அது விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே இருந்தது. அன்றைய பயணிக்குச் சூரியன் ஒன்றே கருவி. இன்று அவ்வாறு வழி தவறும் விமானத்தில் சாளரத்தோரப் பயணி ஒருவர் சில நிமிடங்களில் அறிந்துவிடக்கூடும்.

ஆகவே இக்கருவி தருவது வேடிக்கையை மட்டுமன்று. சிறியதொரு பொறுப்பையும் கூடவே தருகிறது. அறியாதவருடைய அமைதிக்கு ஒரு மன்னிப்பு உண்டு. அறிந்தவருடைய அமைதிக்கு அந்த மன்னிப்பு அவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை.

கப்பலில் ஒரு கைதி

இங்கே மற்றொரு பயணியை நினைத்துப் பார்ப்பது தகும். திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில், புனித பவுலடியார் கைதியாக உரோமைக்குக் கப்பலேறுகிறார். காலம் கடந்துவிட்டதால், கிரேத்துத் தீவிலிருந்து மேற்கொண்டு செல்வது ஆபத்து என எச்சரிக்கிறார். காவலுக்கு வந்த நூற்றுவர் தலைவரோ, கைதியின் சொல்லைவிட மீகாமனின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையும் பெரிதாக மதிக்கிறார். உலக வழக்கப்படி அவர் செய்தது முறையே. கப்பல் புயலில் சிக்குகிறது.

பவுலடியார் அதன்பின் நடந்துகொண்டது நம் கருத்துக்கு உரியது. தம் சொல் தள்ளப்பட்டதற்காக அவர் சுக்கானைப் பறிக்க முயலவில்லை. நீங்களே பட்டுக்கொள்ளுங்கள் என்று மூலையில் ஒதுங்கவும் இல்லை. அஞ்சியவர்களைத் தேற்றுகிறார், உண்ணாதவர்களை உண்ணச் செய்கிறார். கப்பலோட்டிகள் படகில் இரகசியமாகத் தப்ப முயன்றபோது, ஒருமுறை கேளாதவர்களிடமே மறுபடியும் பேசுகிறார். இம்முறை கேட்கிறார்கள், படகின் கயிறு அறுக்கப்படுகிறது. 276 பேரும் உயிரோடு கரை சேர்கிறார்கள். அறிந்த பயணியின் இலக்கணம் இதுவே: உரியவரிடம் சொல்ல வேண்டும், கேளாவிட்டால் வாய்ப்பு வரும்போது மீண்டும் சொல்ல வேண்டும், சொன்ன பின்னும் அதே கப்பலில் உடன்பயணியாக இருக்க வேண்டும்.

சாட்சியும் நீதிபதியும்

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. கருவியும் பிழைபடலாம். அண்மை ஆண்டுகளில் போர்ப் பகுதிகளைச் சுற்றி ஜி.பி.எஸ். அலைகளைக் குலைப்பதும், பொய்யான இடத்தைக் காட்டச் செய்வதும் பெருகியுள்ளன. 2024இல் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான பயணங்களை ஃபின்னேர் நிறுவனம் இதே காரணத்தால் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. ஆகையால் பயணி, "நீங்கள் வழி தவறிவிட்டீர்கள்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. "என் கருவி இப்படிக் காட்டுகிறது", "இடப்பக்கம் தீயைக் கண்டேன்" என்று கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். அவர் சாட்சி, முடிவெடுப்பவர் விமானி. சாட்சி நீதிபதியாக மாறினால் குழப்பம். சாட்சி ஊமையானால் அநீதி.

கேட்பவருக்கும் கடமை உண்டு. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃபேயில் இரு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயம், அனுபவம் மிகுந்த தலைவரின் உறுதியான பதிலில் அடங்கிப்போயிருந்தது. தலைவர் கேட்கவும், கீழிருப்பவர் பேசவும் பயிற்றுவிப்பது அதன்பின் விமானத் துறையில் ஒரு கல்வியாகவே வளர்ந்தது. தம் பிழையைச் சுட்டுபவரைப் பகைவராகக் கருதாத மீகாமன் இருக்கும் கப்பலில்தான் பயணி துணிந்து வாய் திறப்பார்.

நம் வாழ்வில் பெரும்பகுதியில் நாம் பயணிகளே. குடும்பத்தில், அலுவலகத்தில், பங்குப் பேரவையில், நாட்டில் சுக்கான் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கிறது. அது முறைதான், எல்லாரும் சுக்கானைப் பிடித்தால் கப்பல் ஓடாது. ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அறியும் வாய்ப்பு முன்னெப்போதையும்விட இன்று நமக்கு மிகுந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொள்வதை நம்பிக்கை என்றும், வாயை மூடிக்கொள்வதைப் பணிவு என்றும் இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விழித்திருந்து நம்புவது கடினம். தூங்கிக்கொண்டு நம்புவதும் விழித்திருந்து ஐயுறுவதும் எளியவை. அணைக்கச் சொன்னால் அணைப்போம். அனுமதித்தால் மகிழ்ச்சியோடு பார்ப்போம். தீயைக் கண்டால், கண்ட பக்கம் எதுவென்று எழுந்து சென்று சொல்வோம்.